கால்நடை மருத்துவத் தொழில்நுட்பர் உரிமத் தேர்வு: கட்டணத்தைக் கடனில் செலுத்தலாமா?

கேள்வி: டாலஸ் நகரில் உள்ள ஒரு செல்லப்பிராணி மருத்துவமனையில் உதவியாளராக, மணிக்கு 18 டாலர் ஊதியத்தில் பணிபுரிகிறேன். வேலையில் இருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் கால்நடைத் தொழில்நுட்பருக்கான இரண்டாண்டு அசோசியேட் படிப்பை முடித்துவிட்டேன். தேசியத் தேர்வு, பயிற்சித் தேர்வு, இத்தொழிலுக்கான மாநில விதிகள் பற்றிய சட்டத் தேர்வு, உரிமக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 700 டாலர் ஆகும் என்பது என் கணக்கு. அவசரகாலச் சேமிப்பு 1,500 டாலர்தான் இருக்கிறது; கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். உரிமம் வந்தால் மணிக்கு 3 டாலர் கூட்டித் தருவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். கார்டில் கட்டி ஜூலையில் எழுதுவதா, பணம் சேர்த்து நவம்பரில் எழுதுவதா, மகளின் படிப்புக்காக வரிச் சலுகையோடு சேமிக்கும் 529 கணக்கிலிருந்து எடுப்பதா? கணவருக்கு வட கரோலினாவுக்கு மாற்றல் வரலாம் என்ற பேச்சும் இருக்கிறது.

பதில்: நீங்கள் தேர்வுக்குத் தயாராக இருக்கும் பட்சத்தில், நவம்பர் வரை காத்திருப்பதுதான் இம்மூன்றிலும் செலவு மிகுந்த வழி. வி.டி.என்.இ. எனப்படும் தேசியத் தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை, மார்ச் மத்தியிலிருந்தும் ஜூலை மத்தியிலிருந்தும் நவம்பர் மத்தியிலிருந்தும் தலா ஒரு மாத காலம் நடைபெறுகிறது. ஒரு சுற்றைத் தவறவிட்டால் நான்கு மாதங்கள் போகின்றன. மணிக்கு 3 டாலர் உயர்வு, வாரம் 40 மணி நேர வேலை என்று வைத்தால் அந்த நான்கு மாதங்களில் நீங்கள் இழப்பது 2,080 டாலர். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தமும் 22 சதவீத வருமான வரியும் போனாலும் கைக்கு வந்திருக்க வேண்டியது சுமார் 1,460 டாலர். 700 டாலரையும் கார்டில் கட்டி நான்கு மாதம் நிலுவையில் வைத்தால்கூட வட்டி 56 டாலரைத் தாண்டாது.

அதற்காகக் கார்டைத் தேய்க்கச் சொல்லவில்லை, ஏனெனில் 700 டாலரும் ஒரே நாளில் தேவைப்படுவதில்லை. முதலில் தேவைப்படுவது பயிற்சித் தேர்வுக்கும் தேசியத் தேர்வுக்குமான கட்டணம் மட்டுமே. டெக்சஸ் சட்டத் தேர்வும் உரிமக் கட்டணமும் பின்னர்தான் வரும். முதல் பகுதியைச் சேமிப்பிலிருந்து செலுத்திவிட்டு, அடுத்து வரும் சம்பளங்களில் அந்தத் தொகையை மீண்டும் நிரப்பிவிடுங்கள்.

இந்தக் கணக்கு முழுவதும் இரண்டு ஊகங்களின் மேல் நிற்கிறது. முதலாவது, 3 டாலர் உயர்வு. உரிமம் இல்லாத உதவியாளர்களையும் மருத்துவமனைகள் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதால், உரிமம் வந்தவுடன் ஊதியத்தை உயர்த்தியாக வேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இல்லை. எனவே எத்தனை டாலர், எந்தத் தேதியிலிருந்து என்பதை மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள். தேர்வுக் கட்டணத்தை மருத்துவமனையே ஏற்குமா என்று அப்போதே கேட்டுவிடலாம். ஏற்பதாகச் சொன்னால், இடையில் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள், மாற்றல் பேச்சு இருக்கும் வீட்டில் அது முக்கியம். ஒப்பிட ஓர் எண் வேண்டுமானால், அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே கணக்குப்படி இத்தொழிலின் இடைநிலை ஆண்டு ஊதியம் 43,740 டாலர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 21 டாலர். உங்களுக்குச் சொல்லப்பட்ட உயர்வு உங்களை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறது, அதற்கு மேலே அல்ல.

இரண்டாவது ஊகம், நீங்கள் முதல் முயற்சியிலேயே தேறுவீர்கள் என்பது. மூன்று மணி நேரத்தில் 170 கேள்விகள், அவற்றில் மதிப்பெண்ணுக்குரியவை 150. 200 முதல் 800 வரையிலான அளவீட்டில் 425 எடுத்தால் தேர்ச்சி. தவறினால் கட்டணம் திரும்பி வராது, அடுத்த சுற்றுக்குப் புதிதாகக் கட்ட வேண்டும், பொதுவாக ஐந்து முயற்சிகளுக்கு மேல் எளிதில் அனுமதிப்பதும் இல்லை. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே ஒரு முழுப் பயிற்சித் தேர்வை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். மயக்க மருந்து, மருந்தியல் போன்ற பகுதிகளில் பெரிய ஓட்டை தெரிந்தால் மட்டும் நவம்பருக்குத் தள்ளுங்கள். பணத் தட்டுப்பாட்டுக்காகத் தள்ள வேண்டாம்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தில் உள்ள பெயர், தேர்வு மையத்தில் நீங்கள் காட்டும் அரசு அடையாள அட்டையில் உள்ள பெயரோடு ஒத்திருக்க வேண்டும். தலைப்பெழுத்து கடவுச்சீட்டில் தந்தை பெயராக விரிந்தும், ஓட்டுநர் உரிமத்தில் கணவர் பெயரோடும், கல்லூரிச் சான்றில் வேறு வரிசையிலும் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டால் கட்டணமும் போகும், நான்கு மாதமும் போகும். படிப்பை முடித்ததற்கான சான்றைக் கல்லூரிதான் நேரடியாக அனுப்ப வேண்டும். கல்விக் கட்டணத் தவணையில் பாக்கி இருந்தால் அதை நிறுத்தி வைக்கக்கூடும் என்பதால் அதையும் இப்போதே விசாரியுங்கள். விண்ணப்பம் முடியும் நாள் தேர்வுச் சுற்று தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே வந்துவிடும்.

529 கணக்கைப் பொறுத்தவரை, 2025 ஜூலையில் நிறைவேறிய வரிச் சட்டம், தொழில் உரிமத்துக்குக் கட்டாயமான தேர்வுகளின் கட்டணத்தையும், வரியின்றிப் பணம் எடுக்கத் தகுதியான செலவாகச் சேர்த்திருக்கிறது. கணக்கு மகள் பெயரில் இருப்பதால் பயனாளியைத் தாயாக மாற்ற வேண்டும். சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனாலும் இந்தச் சிறு தொகைக்காகப் பயனாளியை மாற்றி, பிறகு மீண்டும் மகளுக்கே மாற்றி, ரசீதுகளைப் பாதுகாத்து வைப்பது வீண் அலைச்சல் என்பேன். இதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புதிய தொழிலுக்குத் தகுதி பெறுவதற்கான செலவு கழிவுக்கு உரியதல்ல.

வட கரோலினா மாற்றலுக்காகத் தேசியத் தேர்வைத் தள்ளிப்போடக் காரணமில்லை, ஒரு மாநிலத்துக்காக எழுதிய மதிப்பெண்ணைக் கட்டணம் செலுத்தி இன்னொரு மாநில வாரியத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். மாநிலச் சட்டத் தேர்வும் உரிமக் கட்டணமும் அப்படி மாறுவதில்லை. எனவே ஜூலையில் தேசியத் தேர்வை எழுதி முடித்துவிட்டு, மாற்றல் சில மாதங்களுக்குள் உறுதி என்று தெரிந்தால் டெக்சஸ் கட்டணங்களைக் கட்டாமல் வைத்திருந்து அங்கே செலவிடுங்கள்; ஓராண்டாவது டாலஸில் இருப்பீர்கள் என்றால், உயர்ந்த ஊதியத்தின் முதல் சில வாரங்களிலேயே அந்தக் கட்டணங்கள் திரும்பிவிடும் என்பதால், தேர்ச்சி முடிவு வந்த வாரமே டெக்சஸ் உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.