செஃபலூவில் ஒரு வாரம்: வாசகர் கேள்விகள்

மத்தியதரைக் கடலோரம் ஒரே ஊரில் தங்கி, ஓட்டமில்லாமல் ஒரு வாரம் கழிக்க விரும்புகிறவர்களுக்கு சிசிலித் தீவின் வடகரையில் உள்ள செஃபலூவைப் போன முறை இந்தப் பகுதியில் சொல்லியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: எங்களுக்கு ஆகஸ்டில் விடுமுறை எடுப்பதுதான் எளிது. ஆனால் கூட்டம் அதிகம் என்கிறார்கள். எந்த மாதம் நல்லது?

முடிந்தால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள் போய்வாருங்கள். கடல் நிலத்தைவிட மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். மே மாதம் வெயில் இதமாக இருக்கும். ஆனால் தண்ணீர் 18, 19 டிகிரிதான், இறங்கியவுடன் உடம்பு நடுங்கும். செப்டம்பரில் வெயில் தணிந்த பிறகும் தண்ணீர் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். பள்ளிகள் திறந்திருப்பதால் உள்ளூர்க் கூட்டமும் குறைந்துவிடும். அக்டோபர் போகப் போக மழை வலுக்கும். அடுத்த நல்ல காலம் ஜூன்: பகல் நீளம், தண்ணீர் 22 டிகிரி அளவில்.

ஆகஸ்ட் 15 இத்தாலி முழுவதற்கும் விடுமுறை. அதையொட்டிய இரண்டு வாரங்களில் நாடே கடற்கரைக்கு வந்துவிடும். அறை வாடகை உச்சத்தில் இருக்கும், மணலில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். ஆகஸ்டை விட்டால் வழியில்லை என்றால் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். 2 முதல் 6 வரை ஊரின் காவலரான சான் சால்வத்தோரே திருவிழா. கடைசி நாள் மாலை, பழைய துறைமுகத்தில் தண்ணீருக்கு மேல் கிடையாக நீட்டிய வழுக்குமரத்தில் இளைஞர்கள் நடந்துபோய் நுனியில் உள்ள கொடியைப் பிடிக்க வேண்டும். ஊரே கரையில் கூடிவிடும். அந்தக் கூட்டத்தில் நிற்பதற்கு அர்த்தம் உண்டு.

கேள்வி: ஏழு நாள் இருக்கிறது. செஃபலூவில் தங்கிக்கொண்டே பலேர்மோ, தவோர்மினா, அக்ரிஜென்தோ, எட்னா எரிமலை எல்லாம் பார்த்துவிடலாமா?

வேண்டாம். வரைபடத்தில் சிசிலி சிறிதாகத் தெரியும், பயணம் அப்படி இருக்காது. தவோர்மினாவுக்கு ரயிலில் போக மெஸ்ஸினாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போக மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல். அக்ரிஜென்தோவுக்கு பலேர்மோவில் மாற வேண்டும், அங்கிருந்தே இரண்டு மணி நேரம். எட்னா தீவின் மறு பக்கத்தில் இருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்தால் வாரத்தில் பாதி நாள் ரயில் நிலையங்களில் போகும். அது வேறு வகைப் பயணம். அதற்கு கிழக்குக் கரையில் உள்ள கத்தானியாவில் மூன்று நாள், பலேர்மோவில் மூன்று நாள் என்று பிரித்துத் தங்குவதே சரி.

கடலோர ஓய்வுதான் நோக்கம் என்றால் ஏழு நாளில் ஒன்றரை நாள் மட்டும் வெளியே போங்கள். ஒரு முழு நாள் பலேர்மோ, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். அரை நாள் கஸ்தெல்புவோனோ, மதோனியே மலைத்தொடரில் உள்ள கோட்டை ஊர், பேருந்தில் போகலாம். அங்கே ஒரு வகை ஆஷ் மரத்தின் பட்டையைக் கோடையில் கீறி, வடியும் இனிப்புப் பாலை உறையவிட்டு எடுக்கிறார்கள். மன்னா என்ற பெயரில் விற்பார்கள். மலைக்குப் பேருந்து குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. திரும்பும் நேரத்தைப் புறப்படும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுடன் முழங்கால் வலி உள்ள அப்பா அம்மாவும் வருகிறார்கள். பழைய நகரத்தில் தங்குவதா, கடற்கரைச் சாலையில் தங்குவதா?

கடற்கரைச் சாலையில். பழைய நகரம் அழகுதான். ஆனால் தெருக்கள் கல் பாவியவை, பல சரிவானவை, மழை பெய்தால் வழுக்கும். கட்டடங்கள் குறுகியவை, பலவற்றில் லிஃப்ட் இல்லை. இத்தாலியில் 'முதல் மாடி' என்பது ஒரு படிக்கட்டு ஏறிய பிறகு வருவது, தரைத்தளம் 'பியானோ தெர்ரா'. முன்பதிவுக்கு முன் மூன்றைக் கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, அறையில் ஏசி உண்டா, வாசல்வரை டாக்சி வருமா. பழைய நகரத்தின் உணவகத் தெருக்களில் கோடையில் நள்ளிரவு தாண்டியும் சத்தம் இருக்கும்.

வாடகை வீடு எடுக்கிறீர்கள் என்றால் விளம்பரத்தில் 'சி.ஐ.என்.' என்ற தேசிய அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 தொடக்கத்திலிருந்து அது கட்டாயம். எண் இல்லாத விளம்பரத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். நகராட்சியின் தங்கல் வரியை, தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று, பெரும்பாலும் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக வாங்குவார்கள். கையில் கொஞ்சம் சில்லறை யூரோ வைத்திருங்கள்.

கேள்வி: ஒரு நாளை எப்படிக் கழிப்பது? கடலில் குளிப்பதைத் தவிர அங்கே என்ன செய்ய?

இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல ஆசை. அந்த ஊருக்கு என்று ஒரு நேர ஒழுங்கு இருக்கிறது. அதோடு ஒத்துப்போனால் ஓய்வு தானாக வரும். எதிர்த்தால் வெயிலில் மூடிய கதவுகளின் முன் நிற்பீர்கள்.

காலை ஏழு மணிக்கே கடலுக்குப் போங்கள். நிலம் சூடேறியதும் கடற்காற்று எழும்பும். பிற்பகலில் தண்ணீர் கலங்கும். காலையில் அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். ஊரின் பெரிய மணற்கரை பழைய நகரத்தின் மேற்கே நீள்கிறது, வெகுதூரம்வரை ஆழம் குறைவு, குழந்தைகளுக்கு நல்லது. ஊரையொட்டிய லா ரோக்கா மலையின் கிழக்கே உள்ள கலூரா பாறைக் குடா, ஸ்நார்க்கெல் குழாயும் கண்ணாடியும் மாட்டி மீன் பார்க்க ஏற்றது. அங்கே ரப்பர் அடிச் செருப்பு இல்லாமல் இறங்கக் கூடாது. பாறை இடுக்கெல்லாம் கடல் முள்ளெலிகள்.

மணற்கரையில் சாய்வு நாற்காலி, குடை போட்டிருக்கும் பகுதி 'லீதோ', அதற்குக் கட்டணம். முன் வரிசை விலை கூடுதல். மதியத்துக்குப் பிறகு அரை நாள் விலை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். 'ஸ்பியாஜ்ஜா லீபெரா' என்ற பலகை இருந்தால் இலவசக் கரை. லீதோவின் முன்னாலும் அலை வந்து தொடும் ஓரத்தில் யாரும் நடக்கலாம், தடுக்கக் கூடாது. சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். மஞ்சள் கொடி காற்றுக்கானது, குடையை மடக்க வேண்டும்.

குளித்து வந்ததும் காலை உணவாக கிரனீத்தா என்ற குழைவான ஐஸ் இனிப்பு, கூடவே பிரியோஷ் ரொட்டி. பாதாம் கிரனீத்தாவில் வழக்கமாகத் தண்ணீர், சர்க்கரை, பாதாம் மட்டுமே, பால் சேர்ப்பதில்லை. ரொட்டியின் கொண்டையைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். ரொட்டியில் முட்டையும் வெண்ணெயும் உண்டு.

பத்து மணிக்குள் தேவாலயம். நார்மன் அரசர் இரண்டாம் ரோஜர் 1131இல் கட்டத் தொடங்கியது. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கருவறையின் அரைக்குவிமாடத்தில் பொன்னிற மொசைக்கில் இயேசு, 1148இல் முடித்தது. கையிலுள்ள திறந்த புத்தகத்தில் ஒரு பக்கம் கிரேக்கம், மறு பக்கம் லத்தீன். நடுவில் உட்கார்ந்து பத்து நிமிடமாவது நிமிர்ந்து பாருங்கள். கண் பழகப் பழகத்தான் முகத்தின் நிற மாற்றம் பிடிபடும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், கடற்கரை உடையில் விட மாட்டார்கள். இன்னொரு நாள் காலையில் மந்திராலிஸ்கா அருங்காட்சியகம் போங்கள்: சிறியது, ஒரு மணி நேரம் போதும். அந்தோனெல்லோ தா மெஸ்ஸினா தீட்டிய பெயர் தெரியாத மனிதரின் உருவப்படம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் புன்னகைக்காகவே போகலாம்.

மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை பல கடைகள் அடைத்துவிடும். சாப்பிட்டுத் தூங்குங்கள். உணவகச் சமையலறை இரண்டரை மூன்று மணிக்கு மூடினால் இரவு ஏழரைக்கு முன் திறக்காது. நான்கு மணிக்குச் சாப்பிடப் போனால் ரொட்டியில் வைத்த ஏதாவதுதான் கிடைக்கும்.

ஊருக்குப் பின்னால் நிற்கும் லா ரோக்கா மலை ஏறக்குறைய 270 மீட்டர். டயானா கோயில் என்று சொல்லும் பழங்காலக் கற்கட்டடம் பாதி வழியில், கோட்டை இடிபாடு உச்சியில். நிழல் கிடையாது. காலையில் முதலில் திறக்கும்போதே ஏறிவிடுங்கள், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள ஷூ. மழை நாளில் வாசலை மூடிவிடுவார்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் ஊரே கோர்சோ ருஜ்ஜேரோ தெருவில் மெதுவாக நடக்கும். நீங்களும் நடங்கள். வழியில் படியிறங்கிப் போனால் சிங்க முகக் குழாய்களில் தண்ணீர் கொட்டும் பழைய துணி துவைக்கும் துறை. கோடையில் சூரியன் மறைவதைப் பெரிய மணற்கரையிலிருந்தே பார்க்கலாம். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு மேல்.

வெயில் பூச்சு பற்றி ஒரு கணக்கு. ஒரு பெரியவருக்கு உடம்பு முழுவதும் ஒரு முறை பூச ஏறக்குறைய 30 மில்லி வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் குளித்துத் துவட்டிய பிறகும் மறுபடி பூச வேண்டும். நாளுக்கு இரண்டு பூச்சு என்றாலே ஏழு நாளில் 420 மில்லி. ஒருவருக்கே 200 மில்லி பாட்டில் இரண்டு தீரும். 'பூசியும் தோல் கன்றிவிட்டது' என்பவர்கள் பெரும்பாலும் கால் பங்கிலிருந்து பாதி வரைதான் பூசியிருப்பார்கள். முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் பாதிச் செலவு மிச்சம்.

கேள்வி: கரையில் கறுப்பாக, மக்கிய நாடா போன்ற இலைகள் குவிந்திருக்கும் படங்களைப் பார்த்தோம். சாக்கடைக் கழிவா?

இல்லை. அது பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலை. மத்தியதரைக் கடலில் மட்டுமே வளரும் செடி, பாதுகாக்கப்பட்டது. தெளிவான, ஒளி புகும் நீரில்தான் வளரும். ஆகவே பக்கத்தில் நல்ல புல்வெளி இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். குவிந்த இலைகள் குளிர்கால அலை மணலை அரித்துக்கொண்டு போகாமல் காக்கின்றன. வாடை பிடிக்காவிட்டால் நூறு மீட்டர் தள்ளிப் போய் உட்காருங்கள்.

கேள்வி: ஜெல்லி மீன் கொட்டினால் என்ன செய்வது? வினிகர் கொண்டுபோகவா?

வினிகர் வேண்டாம். அந்தக் கடலில் அதிகம் கொட்டுவது பெலாஜியா என்ற சிறிய ஊதா நிற ஜெல்லி மீன். அதற்கு வினிகர் பயனில்லை, கொட்டும் செல்களை மேலும் தூண்டவும் கூடும். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மணலால் தேய்த்தாலும் தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத செல்கள் வெடித்து வலி கூடும். கரைக்கு வந்ததும் கடல் நீராலேயே அலசுங்கள். ஒட்டிய இழைகளைப் பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் வழித்தெடுங்கள். சமையல் சோடாவையும் கடல் நீரையும் சம அளவு குழைத்து இரண்டு நிமிடம் பூசி, மறுபடி கடல் நீரில் அலசி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம் இருந்தால் உடனே அவசர உதவி எண் 112.

மணலில் புதைந்திருக்கும் வீவர் மீனை மிதித்தால் வைத்தியம் நேர் எதிர்: சுடுநீர். தோல் தாங்கும் சூட்டில், 40 டிகிரிக்குச் சற்று மேல், அரை மணி நேரமாவது காலை முக்கி வைக்க வேண்டும். அதன் நஞ்சு சூட்டில் சிதையும். வெந்துவிடாமல் வேறொருவர் கையால் சூட்டைப் பார்க்கட்டும். வலியில் இருக்கும் காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது.

கேள்வி: நாங்கள் சைவம். பட்டினி கிடக்க நேருமா?

நேராது. கத்தரிக்காயில் அந்தத் தீவுக்காரர்களுக்கு இருக்கும் கைப்பக்குவம் பெரிது. கப்போனாத்தா: பொரித்த கத்தரிக்காய், செலரி, ஆலிவ், கேப்பர், புளிப்பும் இனிப்புமாக. பாஸ்தா அல்லா நோர்மா: தக்காளி, கத்தரிக்காய், துளசி வகை இலை, மேலே துருவிய உப்பு ரிக்கோத்தா சீஸ். பலேர்மோ போகும் நாளில் பனேல்லே, கொண்டைக்கடலை மாவில் செய்த மெல்லிய பொரியல்.

ஏமாற வாய்ப்புள்ளவை: அரன்சீனா என்ற பொரித்த சோற்று உருண்டையில் 'அல் பூர்ரோ' என்றால் வெண்ணெய் மட்டும் என்று நினைப்போம், உள்ளே பன்றித் தொடை இறைச்சி இருக்கும். ஸ்ஃபின்சியோனே ரொட்டியில் நெத்திலி வகை மீன். செஃபலூவின் சொந்தப் பாஸ்தாவான 'அ தயானு', மேலே கத்தரிக்காய் தெரிந்தாலும் இறைச்சிக் குழம்பில் செய்தது. 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே' என்று சொல்லுங்கள்: இறைச்சியும் மீனும் இல்லாமல். பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பைச் சாற்றால் உறையவைக்கிறார்கள். அதுவும் ஆகாது என்றால் 'சென்ஸா ஃபோர்மாஜ்ஜோ' சேர்த்துக்கொள்ளுங்கள். பில்லில் 'கோபெர்தோ' என்று தலைக்கு ஒரு தொகை இருக்கும், இருக்கைக் கட்டணம். தவறல்ல. அதற்கு மேல் டிப்ஸ் கட்டாயமில்லை.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து ரயிலில் போவது சிரமமா? கார் எடுக்கலாமா?

ரயிலே போதும். பலேர்மோ விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே, செஃபலூ கிழக்கே. பலேர்மோ சென்ட்ராலேவில் ஒரு முறை மாற வேண்டும். முதல் பகுதி சுமார் ஒரு மணி நேரம், இரண்டாவது அதைவிடச் சற்றுக் குறைவு. காத்திருப்பையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் வையுங்கள். மாலை ஏழுக்குப் பிறகு விமானம் இறங்கினால் அன்றிரவு பலேர்மோவில் தங்குவது நிம்மதி.

காகிதச் சீட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். ஃபோனில் வாங்கிய பிராந்திய ரயில் சீட்டுக்கு ஏறுமுன் 'செக்-இன்' அழுத்த வேண்டும். இரண்டையும் மறந்தவர்களிடம் அபராதம் வாங்குவார்கள். வேலைநிறுத்தம் என்றால் முன்கூட்டியே அறிவிப்பு வரும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட பிராந்திய ரயில்கள் ஓடியாக வேண்டும். பயணத்தை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கார் ஊருக்குள் சுமைதான். பழைய ஊர்ப் பகுதிகளில் 'இசட்.டி.எல்.', அதாவது அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையும் பகுதியின் எல்லையைக் கேமரா காவல் காக்கும்; தெரியாமல் நுழைந்தாலும் அபராதம் சில மாதம் கழித்து வந்து சேரும், வாடகை நிறுவனத்தின் கையாளும் கட்டணம் தனி. நீலக் கோட்டில் நிறுத்தக் கட்டணம், வெள்ளைக் கோட்டில் இலவசம், மஞ்சள் கோடு மற்றவர்களுக்கு ஒதுக்கியது. மலை ஊர்களுக்குக் கார் வேண்டும் என்றால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் எடுங்கள், சர்வதேச ஓட்டுநர் அனுமதியை மறக்காமல்.