எதற்கு என்று கேட்டால் தப்பா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. ஐசி எனும் மலேசிய அடையாள அட்டை, கைப்பேசி எண், வீட்டு முகவரி எல்லாம் யார் யார் கையில் இருக்கின்றன என்பதே அந்தக் கவலை. நான் ஜார்ஜ் டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவள். வழக்கறிஞர் அல்ல. மற்றவர்களின் ரகசியம் இருந்த கோப்புகளைப் பூட்டி வைத்து, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டிருந்த வேலை என்னுடையது. அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, நான் வீடு வீடாகப் போய் டியூஷன் சொல்லித் தருகிறேன். பாயான் பாருவில் பாதி கொண்டோ அடுக்குமாடிகளில் ஜாகா, அதாவது வாசல் காவலாளி, ஐசியை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார். போன மாதம் பாடம் முடிந்து இறங்கி வந்தால், வேறு யாருடைய ஐசியையோ என் கையில் கொடுத்தார். என்னுடையது அரை மணி நேரம் கழித்துத்தான் கிடைத்தது. “எதற்கு இதை வாங்கி வைக்கிறீர்கள்?” என்று கேட்டேன், முறைத்தார். கேட்டது தப்பா?
— ஆசிரியை, பாயான் லெப்பாஸ்

தப்பே இல்லை, தங்கச்சி. இத்தனை நாளாக யாரும் கேட்காததுதான் தப்பு.

1990ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிகளில் 7ஆவது விதியைச் சொல்கிறேன். ஐசியைக் காட்டச் சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பது அதில் இருக்கிறது. பதிவுத் துறை அதிகாரி, போலீஸ், சுங்கத் துறை, பணியில் இருக்கும் படைவீரர், அதிகாரம் கொடுக்கப்பட்ட மற்ற அரசு அதிகாரிகள், அவ்வளவுதான். வாசலில் நிற்கும் ஜாகா அதில் இல்லை. வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்குக் கிடையாது என்று பதிவுத் துறையே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் தங்கை மகள் வீட்டு வாசல்தான் நினைவுக்கு வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். அதில் பத்து, பதினைந்து ஐசி, ரப்பர் வளையம் போட்டு. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம், பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு முன் வந்த எல்லாருடைய பெயர், ஐசி எண், கார் எண், போகும் வீட்டு எண், எல்லாம் வரிசையாக என் கண் முன்னால். நான் மோசக்காரியாக இருந்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பன்னிரண்டு இலக்கம் எவ்வளவு சொல்கிறது என்று பாருங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்: 07 என்றால் பினாங்கு, 14 என்றால் கோலாலம்பூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். நம் ஊரில் ஜாகா நோட்டுவரை போகிற இதே எண்ணை, தொலைபேசியில் “நீங்கள்தானா?” என்று உறுதி செய்யவும் கேட்கிறார்கள். 2024 ஜனவரியில் அரசு, மக்களின் விவரங்களை ஒரே இடத்தில் சேர்க்கும் ‘பாடு’ தரவுத் தளத்தைத் தொடங்கியபோது, ஒருவருடைய ஐசி எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் அவர் பெயரில் இன்னொருவர் பதிந்துவிடலாம் என்று முன்னாள் துணையமைச்சர் ஒங் கியான் மிங் சுட்டிக்காட்டினார். பூட்டும் அதுவே, சாவியும் அதுவே என்றால் எப்படி?

ஆகவே, ஜாகாவிடம் சண்டை வேண்டாம். அவர் மேலிடம் சொன்னதைச் செய்கிறவர், பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர். “அண்ணே, பாருங்கள், பெயரை எழுதிக்கொள்ளுங்கள், கார்டு என் கையிலேயே இருக்கட்டும்” என்று சொல்லுங்கள். பாடம் படிக்கும் பிள்ளையின் அம்மாவைக் கீழே அழைத்தாலும் தப்பில்லை. அப்புறம் அந்தக் கொண்டோவின் நிர்வாகக் குழுவுக்கு 7ஆவது விதியைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பேச்சைவிடக் கடிதத்துக்குப் பயம் அதிகம். இதை என் வேலையில் நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

அம்மா, எனக்கு வயது 68. 2025 ஜூனில், அரசு ஆணையம் எல்லாருடைய கைப்பேசி விவரத்தையும் கேட்டது என்று பத்திரிகையில் பெரிதாகப் பேசினார்கள். என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. நான் யாரிடம் பேசினேன் என்று அரசாங்கம் பார்த்தால் எனக்கு என்ன நஷ்டம்? நம் பிள்ளைகள் ஏன் இதற்கு இவ்வளவு கோபப்படுகிறார்கள்?
— ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், செந்தூல்

ஐயா, நீங்கள் நேர்மையாகக் கேட்டதால் நானும் நேர்மையாகச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகள் பக்கம்தான் நான்.

நடந்தது இது. தொடர்பு, பல்லூடக ஆணையம் 2025இன் முதல் மூன்று மாத அழைப்பு, இணையப் பயன்பாட்டுப் பதிவுகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் கேட்டது. செய்தி வெளியானதும் ஆணையம் விளக்கம் கொடுத்தது: பெயர், ஐசி எண் எதுவும் இல்லை, சுற்றுலா, இணையப் பயன்பாடு பற்றிய புள்ளிவிவரத்துக்கு மட்டும். இந்த மாதிரிப் புள்ளிவிவரம் பயனுள்ளதுதான், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா? ஒரு கைப்பேசி தினமும் இரவு செந்தூலில் ஒரே இடத்தில் தூங்குகிறது. வெள்ளிக்கிழமை மாலை கோயில் பக்கம் போகிறது. செவ்வாயும் வியாழனும் காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ் மையத்தில் நாலு மணி நேரம் அசையாமல் இருக்கிறது. இதற்கு மேல் பெயர் எதற்கு? உங்கள் தெருவில் இருக்கும் யாரும் ‘அது இன்னார்’ என்று சொல்லிவிடுவார்கள். அவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று அவருடைய மருமகளுக்குக்கூடத் தெரியாமல் இருக்கலாம்.

‘மறைக்க ஒன்றுமில்லை’ என்று எங்கள் அலுவலகத்தில் நிறைய பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். புருஷன் அடி தாங்காமல் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்திலிருந்து ஃபெரி ஏறி வந்தவள். தங்கியிருந்த முகவரியை எங்கள் கோப்பில்கூட எழுதவில்லை. வக்கீலய்யா தன் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டில் வைத்திருந்தார். மூன்றாவது வாரம் அந்தப் புருஷன் அவள் வாசலில் நின்றான். பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்க்க முகவரி மாற்றியிருந்தாள். ஏதோ ஒரு கவுண்ட்டரில் வேலை செய்த அவனுடைய உறவுக்காரன் அதைப் பார்த்துச் சொல்லிவிட்டான். அவளும் எந்தத் தப்பும் செய்யாதவள்தான், ஐயா. அவளிடம் இருந்தது மறைத்தே ஆகவேண்டிய ஒரு முகவரி. அன்று கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். துண்டுக்கு அடியில் விரல் தடம் தெரிந்தது.

அரசாங்கம் என்றால் ஒரு ஆள் இல்லை. ஆயிரம் கவுண்ட்டர், ஆயிரம் திரை. கோவிட் காலச் செயலியான ‘மைசெஜாத்ரா’ பற்றிய 2021ஆம் ஆண்டுத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையைப் பாருங்கள். ஒரு ‘சூப்பர் அட்மின்’ கணக்கு வழியாக 30 லட்சம் பேரின் தடுப்பூசி விவரம் பதிவிறக்கம் செய்யப்பட்டது என்று அதிலேயே இருக்கிறது.

எனக்கு உள்ள பெரிய ஆதங்கம் இதுதான். நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அதன் 3ஆவது பிரிவு, இந்தச் சட்டம் கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் பொருந்தாது என்று சொல்கிறது. 2024இல் திருத்தியபோதும் அந்த வரியைத் தொடவில்லை. ஒரு சலூன்காரர் உங்கள் எண்ணை விற்றால் அவர் குற்றவாளி. ஒரு இலாகாவில் உங்கள் முழு விவரமும் கசிந்தால், அதே சட்டத்தைக் காட்டிக் கேட்க உங்களுக்கு வழியில்லை. 2025இல் நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம் கூட்டரசு இலாகாக்கள் தங்களுக்குள் விவரத்தைப் பரிமாற வழி செய்கிறது. ஒரு இடத்தில் இருந்தது பல இடங்களுக்குப் போகும். பதில் சொல்லும் கடமையும் கூடவே போகவேண்டும் என்றுதான் கேட்கிறேன். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் சேவை மையத்தில் இதை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், ஐயா. உங்கள் வயதுக்காரர் கேட்டால் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

போலீஸ் நம் போனை ஒட்டுக்கேட்க நீதிபதியின் அனுமதி வேண்டாமா?
— சட்டம் படிக்கும் கல்லூரி மாணவர், ஆயர் ஈத்தாம்

எல்லா நேரமும் வேண்டியதில்லை, தம்பி. 2012ஆம் ஆண்டின் சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம், 6ஆவது பிரிவில், பாதுகாப்புக் குற்றம் தொடர்பாக அரசுத் தரப்பு வழக்கறிஞர் அனுமதி கொடுத்தாலே போதும் என்கிறது. அவசரம் என்றால் உயர் போலீஸ் அதிகாரியே தொடங்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116சி பிரிவிலும் நீதிபதி இல்லை. வழக்கு நடத்தும் தரப்பே ஒட்டுக்கேட்கவும் அனுமதி தருவது எனக்குச் சரியாகப் படவில்லை. கையில் ஒரு பிடிமானம் இருக்கிறது: சிவராசா ராசையா வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம், அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு சொல்லும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடக்கம் என்றது. சட்டம் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நூலகத்தில் அந்தத் தீர்ப்பை எடுத்துப் படியுங்கள்.

அக்கா, ஒரு உடற்பயிற்சி நிலையத்தில் இலவச வகுப்புக்கு என் எண்ணைக் கொடுத்தேன். மறுவாரத்திலிருந்து கடன் வேண்டுமா, காப்புறுதி வேண்டுமா என்று ஒரே அழைப்பு. நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கவே முடியவில்லை. நிலையத்தில் கேட்டால் “நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள்” என்கிறார்கள்.
— தொழிற்சாலை ஊழியை, பிறை

கையெழுத்துப் போட்டாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. விளம்பரத்துக்கு என் விவரத்தைப் பயன்படுத்தாதே என்று நிறுத்தச் சொல்ல 43ஆவது பிரிவு. என்னைப் பற்றி என்னவெல்லாம் வைத்திருக்கிறாய், காட்டு என்று கேட்க 30ஆவது பிரிவு. மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதலாம். வாயால் சொன்னால் செல்லாது, எழுத்தில் வேண்டும். உங்கள் விவரத்தின் நகலுக்கு அவர்கள் 10 வெள்ளி (ரிங்கிட்) வரை கட்டணம் கேட்கலாம். 21 நாளுக்குள் பதில் தரவேண்டும். தராவிட்டால் கடிதத்தின் நகலோடு புத்ராஜெயாவில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் செய்யுங்கள். அழைப்பு வந்த எண், தேதி, நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

முன்பு விதிகளை மீறினால் அதிகபட்சம் மூன்று லட்சம் வெள்ளி அபராதம், இரண்டு வருஷச் சிறை. திருத்தத்துக்குப் பிறகு பத்து லட்சம், மூன்று வருஷம். 2025 ஜூன் 1 முதல், விவரம் கசிந்தால் நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கவேண்டும். பெரிய பாதிப்பு வரும் என்றால் சம்பந்தப்பட்டவருக்கும் அதன்பின் ஏழு நாளுக்குள் சொல்லவேண்டும். 2017இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம், வீட்டு முகவரியோடு வெளியே போனது தெரியவந்தது. இந்த நாட்டு மக்கள்தொகையைவிட அதிகம் அது. அப்போது நமக்குச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. நான் காப்பிக் கடையில் பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. அபராதம் கட்டினால் அது அரசாங்கத்துக்குப் போகும். தூக்கம் கெட்ட உங்களுக்கு இந்தச் சட்டத்தில் நட்டஈடு கிடையாது. அதற்குத் தனியாக வழக்குப் போடவேண்டும். இன்னொன்று, விவரம் எதற்கு வாங்குகிறோம் என்ற அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் கொடுக்கவேண்டும் என்பதுதான் சட்டம். தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய அம்மாமார்கள் படிக்க முடியாமல்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். பக்கத்தில் உள்ளவர்கள் படித்துச் சொல்லுங்கள்.

ஐசி நகல் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடிவதில்லை. பாதுகாப்பாக எப்படிக் கொடுப்பது?
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

எங்கள் அலுவலகத்தில் செய்தபடி செய்யுங்கள். நகலின் குறுக்கே பேனாவால் இரண்டு கோடு இழுங்கள். முகமும் எண்ணும் மறையக்கூடாது, ஆனால் கோடு கார்டு படத்தின் மேலேயே ஓடவேண்டும். ஓரத்தில் இழுத்தால் வெட்டி எடுத்துவிடுவார்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் மலாயில், ‘உந்தோக் பெர்மொஹோனான் மீட்டர் ஆயர் சஹாஜா’, அதாவது தண்ணீர் மீட்டர் விண்ணப்பத்துக்கு மட்டும், என்று எழுதித் தேதி போடுங்கள். வாங்குகிற இடத்தின் பெயரையும் சேர்த்து எழுதினால் நல்லது. அந்தத் தாள் நாளைக்கு ஒரு ஆலோங், அதாவது கந்துவட்டிக்காரர், கையில் போனாலும் கடன் பத்திரத்தோடு இணைப்பது கஷ்டம்.

நகல் எடுக்கும் கடையில் இரண்டு விஷயம். வாட்ஸாப்பில் படம் அனுப்பச் சொன்னால், அச்செடுத்ததும் உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தில் வைத்து எடுத்தால், கிளம்பும் முன் மூடியைத் தூக்கிப் பாருங்கள். கண்ணாடி மேலேயே ஐசியை விட்டுவிட்டு, கையில் நகலோடு மட்டும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர்.