உதகைப் பிள்ளைகளுக்குக் கோவைக் கணக்கு பொருந்துமா?

கேள்வி: நான் உதகையில் உடற்கல்வி ஆசிரியர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் 50 மீட்டர், 600 மீட்டர் நேரங்களை நோட்டில் எழுதி வருகிறேன். கோவை நண்பரின் பள்ளிக் கணக்கோடு ஒப்பிட்டால், 600 மீட்டரில் எங்கள் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள். பயிற்சி போதவில்லையா?

பதில்: பயிற்சியைக் குறை சொல்லுமுன் காற்றைப் பாருங்கள் சார். உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். கடல்மட்டத்தைவிட ஒவ்வொரு மூச்சிலும் கிட்டத்தட்ட கால் பங்கு ஆக்சிஜன் குறைவு. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய இதே உயரம்தான். அங்கே 10,000 மீட்டரில் தங்கம் வென்ற கென்யாவின் நாஃப்டாலி டெமுவுக்கே 29 நிமிடம் 27 நொடி ஆனது. அப்போதைய உலக சாதனை 27 நிமிடம் 39 நொடி. அந்தச் சாதனைக்காரர் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். ஆனால் அதே மைதானத்தில் 100 மீட்டரிலும் நீளம் தாண்டுதலிலும் உலக சாதனைகள் முறிந்தன. சில நொடிகளில் முடியும் ஓட்டத்துக்கு மூச்சில் வரும் ஆக்சிஜன் அவ்வளவு தேவையில்லை.

ஆகவே 600 மீட்டருக்குக் கோவைக் கணக்கு வேண்டாம். 50 மீட்டருக்கு ஓரளவு பொருந்தும், சரியாக அளந்திருந்தால். விசில் சத்தம் 50 மீட்டர் வந்துசேர ஏறக்குறைய 0.15 நொடி ஆகும். சத்தம் கேட்டு ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவ்வளவு லாபம். விசிலோடு ஒரு கொடியையும் இறக்கச் சொல்லி, அதைப் பார்த்து அமுக்குங்கள். (மூடுபனியில் கொடியே தெரியாத நாளில் அளக்கவே வேண்டாம்.) அப்போதும் 0.1, 0.2 நொடி முன்பின் ஆகும். 8.9 நொடி 8.8 ஆனதை முன்னேற்றம் என்று எழுதிவிடாதீர்கள்.

மலையில் சமதள மைதானம் எங்கே கிடைக்கிறது? சின்ன இடத்தில் எட்டுச் சுற்று ஓடினால் திருப்பங்களிலேயே நேரம் போகும். பரவாயில்லை, எப்போதும் அதே பாதை, அதே திசை, அதே வேளை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையையும் அதன் பழைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஜூன், ஜூலை மழையை விட்டுவிட்டு செப்டம்பரில் ஒருமுறை, ஜனவரியில் உறைபனி விலகிய பிறகு ஒருமுறை அளந்தால் போதும். தரை ஈரமா, பிள்ளை காய்ச்சலில் இருந்து எழுந்ததா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

நாடித் துடிப்பும் எடுப்பீர்களானால், 15 நொடி எண்ணி நாலால் பெருக்கும்போது ஒரு துடிப்பு தவறினாலும் நாலு தவறும். அதைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

நோட்டின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. நன்றாக ஓடிய பிள்ளைக்குத் திடீரென்று அதிக நேரம் பிடித்தால் கூடுதல் சுற்று ஓடவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் ரத்தசோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) இருக்கிறது. அது உள்ள பிள்ளையை மூச்சுமுட்ட ஓடவைப்பது ஆபத்து. மருத்துவர் சரி என்ற பிறகே அந்தப் பிள்ளைக்கு ஓட்டம்.