பச்சைச் சோபாவில் இரண்டு முதியவர்கள்

கேள்வி: கிளிநொச்சியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். லண்டனில் இருக்கிற மச்சான் ஒரு படம் அனுப்பினான். காலமான பிரித்தானிய மகாராணியும் கணவரும் ஒரு சோபாவில் இருக்கிறார்கள். சிரிப்பில்லை, கை கோர்க்கவில்லை, நடுவில் இடைவெளி வேறு. இப்படி எடுத்துக் கொடுத்தால் எங்கள் ஆட்கள் காசு தரமாட்டார்கள். இதில் அப்படி என்ன இருக்கிறது?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: மச்சான் நல்ல படம்தான் அனுப்பியிருக்கிறார். எடுத்தவர் தோமஸ் ஸ்ட்ரூத் என்ற ஜெர்மன்காரர். 2011 ஏப்ரலில், வின்ட்சர் கோட்டையின் பச்சை வரவேற்பறையில் எடுத்தது. மறு ஆண்டு வந்த, அவர் அரசியாகி 60 வருடம் நிறைந்த வைர விழாவை ஒட்டி லண்டன் தேசிய உருவப்படக் கூடம் கேட்டு எடுப்பித்தது. அப்போது எலிசபெத்துக்கு 85 ஆகப்போகிறது, பிலிப்புக்கு 89. கலியாணம் 1947 நவம்பரில், அதாவது 63 வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு தரம் பாருங்கள்.

தலையில் கிரீடம் இல்லை, பதக்கம் தொங்கும் சீருடை இல்லை. அரசி வெளிர் நீல உடுப்பில், கணவர் கடும் நிறக் கோட்டில். அந்த நீலத்தைத் தெரிவு செய்ததே ஸ்ட்ரூத்தான், பச்சைப் பட்டும் தங்க வேலையும் நிறைந்த அறையில் கண் முதலில் அரசியிடம் போய் நிற்கிறது. ஸ்ட்ரூத் 1980களில் இருந்தே குடும்பங்களைப் படம் எடுத்து வந்தவர், பெரிய தகட்டுப் பிலிம் போடும் கமராவை முக்காலியில் நிறுத்தி, எல்லோரையும் நேரே வில்லையைப் பார்க்கச் சொல்லி, நிதானமாக எடுப்பார். அந்த வகைக் கமராவில் அசையாமல் இருக்க வேண்டும், சிரிப்பை அவ்வளவு நேரம் பிடித்து வைக்க ஒருவராலும் முடியாது, ஆகவே முகம் தன் சொந்த நிலைக்கு வந்துவிடும். அந்த நிலைதான் அவருக்கு வேண்டும். அச்சு 2 மீற்றருக்கு மேல் அகலம், முன்னால் போய் நின்றால் கைச் சுருக்கம்கூடத் தெரியும்.

இடைவெளியைச் சொன்னீர்கள். எங்கள் வீடுகளில் ஐயா விறாந்தைக் கதிரையிலும் அம்மா குந்திலும் இருந்து பின்னேரம் முழுக்க ஒரு சொல் பேசாமல் இருப்பார்கள், அவர்களுக்குள் உறவில்லை என்று யாராவது சொல்வோமா? தோளில் கை போடச் சொன்னால் அது உங்களுடைய படம். விட்டுவிட்டால் அது அவர்களுடைய படம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். வன்னியில் அம்மாவும் ஐயாவும் சேர்ந்த படம் மற்ற இடங்களை விடப் பெரிய விஷயம். 2009இல் போர் முடிந்தபோது உடுத்த துணியோடு வந்த குடும்பங்களுக்குக் கலியாண அல்பம் கிடையாது. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து, பக்கத்தில் இன்னொரு அட்டைப் படத்தை வெட்டி ஒட்டி, பின்னால் ஒரு பூந்தோட்டம் போட்டுத் தாங்கோ என்று உங்களிடமே எத்தனை பேர் வந்திருப்பார்கள். அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற நினைவுப் புத்தகமான கல்வெட்டின் முன்பக்கத்துக்கும் அந்த ஒட்டுப் படம்தான். அது பிழையான வேலை இல்லை, ஆறுதல் தருகிற வேலை, செய்யுங்கள். ஆனால் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிற வீடுகளுக்கு இப்போதே போங்கள் என்று உங்களைக் கேட்கிறேன். அவர்களுடைய முற்றத்தில், அவர்களுடைய கதிரையில், ஒரு நல்ல படம் எடுத்து அச்சடித்துக் கொடுங்கள். பிள்ளைகள் காசு தருவார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் இரண்டு பிரதி கேட்பார்கள்.

கேள்வி: அம்மாவையும் அப்பாவையும் நானே கைபேசியில் எடுக்கலாமா? கமராவைக் கண்டால் இரண்டு பேரும் விறைத்துப் போவார்கள்.
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தாராளமாக. காலையில், வெயில் நேரே விழாத விறாந்தையில் இருத்துங்கள். கைபேசியைக் கிட்டக் கொண்டு போனால் மூக்குப் பெருத்துத் தெரியும், நாலைந்து அடி தள்ளி, அவர்களின் கண் உயரத்தில் ஒரு ஸ்டூலில் சாத்தி வையுங்கள், பிறகு டைமரைப் போட்டுவிட்டு நீங்கள் பக்கத்தில் நின்று கதையுங்கள். முதல் பத்துப் படம் விறைப்பாகத்தான் வரும், அதற்குப் பிறகு களைத்துப்போய் வழமைக்கு வருவார்கள். அழகு பண்ணுகிற பில்டர் வேண்டாம், அம்மாவின் நரை அம்மாவுடையது. அப்புறம், கட்டாயம் அச்சடியுங்கள். கைபேசி தண்ணீரில் விழுந்தால் படமும் போய்விடும்.

கேள்வி: அரசர் படம் என்றதும் கேட்கிறேன். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் உண்மையான படம் எங்காவது இருக்கிறதா?
- வாசகர், முள்ளியவளை

பதில்: புகைப்படம் இருக்க வழியில்லை. வெள்ளையரோடு அவன் மோதியது 1803இல், புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் 1832இல் வேலூரில் இறந்துவிட்டான், அவனுக்கும் கமரா எட்டவில்லை. வவுனியாவில் நிற்கும் பண்டாரவன்னியன் சிலையின் முகம் சிற்பியின் கற்பனை. அவனைத் தேடுவதென்றால், அவன் வெள்ளையரிடம் தோற்ற இடமாகச் சொல்லப்படும் கற்சிலைமடுவுக்குப் போங்கள், உங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லை.