பரங்கிக்கொடி கொடுத்த மரபணு

கேள்வி: ஒளிச்சேர்க்கை நொதிகளை மாற்றிய புகையிலை 40% கூடுதலாக வளர்ந்ததாம். வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா? நெல்லை விட்டுவிட்டுப் புகையிலையில் ஏன் செய்தார்கள்? (எஸ்.ஆர்., மன்னார்குடி)

பதில்: நிஜம்தான் ஐயா. அமெரிக்காவின் இல்லினாய்ஸில் வயலிலேயே செய்து பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். ஆனால் ‘வளர்ந்தது’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கொடுக்கும் நொதி ரூபிஸ்கோ. அதற்கு ஆள் அடையாளம் சரியாகத் தெரியாது. ஐந்து முறை கை நீட்டினால் ஒரு முறை ஆக்சிஜனைப் பிடித்துவிடும். வெயில் ஏற ஏறத் தவறும் கூடும். அப்படிப் பிடித்தால் வேண்டாத பொருள் ஒன்று உண்டாகிக் கடைசியில் கிளைக்கோலேட்டாக நிற்கும். அதைச் சரிக்கட்ட, ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தை விட்டு, செல்லுக்குள்ளேயே இருக்கும் வேறு அறைகளான பெராக்சிசோமுக்கு, அங்கிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்கு, மறுபடி அதே வழியாகத் திரும்பி... பட்டா மாற்ற மேஜை மேஜையாக அலைகிற கதைதான். அலைச்சலில் பிடித்த கார்பனிலும் கொஞ்சம் காற்றுக்கே போய்விடும். இதைத்தான் ஒளிச்சுவாசம் என்கிறோம்.

இல்லினாய்ஸ்காரர்கள் குறுக்குவழி போட்டார்கள். ஒரு பாசியிலிருந்து ஒரு மரபணு, பரங்கிக்கொடியிலிருந்து இன்னொன்று. நம் சாம்பார்ப் பரங்கிக்கு நெருங்கிய சொந்தம் அது! இரண்டு நொதிகளும் சேர்ந்து கிளைக்கோலேட்டைப் பசுங்கணிகத்துக்குள்ளேயே தீர்த்துவிடுகின்றன. அது வெளியேறும் வாசலையும் ஒருக்களித்து வைத்தார்கள். செடிகளை அறுத்து உலர்த்தி எடை போட்டபோது, 40 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது.

கூடியது இலையும் தண்டும். புகையிலைக்காரருக்கு அது லாபம். உங்களுக்கு? யூரியாவை அள்ளிப் போட்டுக் கருகருவென்று பச்சை கட்டி, கடைசியில் சாய்ந்து பதராகப் போன வயலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வைக்கோல் போர் உயர்ந்தால் நெல் மூட்டை கூடிவிடாது. புகையிலையை எடுத்தது சோதனைக்குத் தோது என்பதால்தான்: மரபணு எளிதாக ஏறும், சீக்கிரம் விதைக்கு வரும், ஒரு காயிலேயே ஆயிரக்கணக்கில் விதை.

நெல்லிலும் செய்திருக்கிறார்கள். ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ரூபிஸ்கோவைக் கூடுதலாகச் சுரக்கும் நெல்லைச் சோதனை வயலில் நட்டு, தழைச்சத்தும் போதிய அளவு கொடுத்தபோது மகசூல் 28% வரை கூடியது. வெளியான ஆண்டு 2020.

சோயாவின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும், பாதி தோல்வி என்பதால். வெயில் அதிகமானால் இலை தன்னைக் காத்துக்கொள்ள ஒரு ‘குடை’ விரிக்கும். மேகம் வந்த பிறகும் அதை மடக்கச் சில நிமிடம் ஆகும், அதுவரை ஒளி வீண். குடையைச் சட்டென்று மடக்கும்படி மூன்று மரபணுக்களைக் கூட்டிய சோயா, 2020-ல் வயலில் 33% வரை கூடுதல் விதை தந்தது. 2021-ல் புயல் அடித்துப் பயிர் சாய்ந்தது. மகசூல் கூடவில்லை. இரண்டு வருடத்தையும் ஒரே கட்டுரையில் எழுதினார்களே, அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

நான் கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில் ஒரு மாணவி, “சார், இந்த வரிசை மட்டும் அபாரமா வளர்ந்திருக்கு” என்று ஓடி வந்தாள். உரச் சோதனை அது. போய்ப் பார்த்தால் ஜன்னல் ஓரத்துச் சட்டிகள்! வரிசையை மாற்றி வைக்கச் சொன்னேன். பத்து நாளில் அபாரம் அடுத்த வரிசைக்கு இடம் மாறியது. அன்றிலிருந்து சதவீதத்தைக் கேட்டால் முதலில் ‘சட்டியா வயலா, எத்தனை பருவம்?’ என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

கேள்வி: ரூபிஸ்கோ மந்தம் என்றால் அதையே மாற்றிவிடலாமே? (வி.கே., ஈரோடு)

பதில்: மந்தம்தான். நொடிக்கு மூன்று நான்கு மூலக்கூறு. நம் ரத்தத்திலுள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதே நொடியில் லட்சக்கணக்கில் முடிக்கும். அதனால் செடி ஆள்பலத்தைக் கூட்டிச் சமாளிக்கிறது. இலையின் கரையும் புரதத்தில் பாதி வரை ரூபிஸ்கோதான்.

மாற்றியும் பார்த்தாயிற்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2014-ல் நீலப்பச்சைப் பாசியின் வேகமான ரூபிஸ்கோவைப் புகையிலைக்குள் வைத்தார்கள். செடி பிழைத்தது, ஆனால் கார்பன் டை ஆக்சைடு மிகுந்த அறைக்குள்தான். பாசியில் அந்த நொதி ஒரு புரத ஓட்டுக்குள் அடைபட்டிருக்கும். அங்கே கார்பன் டை ஆக்சைடைப் பாசியே குவித்துக் கொடுக்கும். ஓடில்லாத இலையில் வேகம் இருந்தது, ஆள் அடையாளம் இன்னும் மோசம். அதனால் பலரும் ரூபிஸ்கோவை விட்டுச் சுற்றியுள்ள நொதிகளைத் தட்டிச் சரிசெய்கிறார்கள்.

ரூபிஸ்கோ என்ற பெயரே ஒரு கேலி, தெரியுமா? புகையிலை இலைப் புரதத்தை உணவாக்கலாம் என்று முனைந்தவர் சாம் வைல்ட்மேன். 1979-ல் அவரைச் சீண்ட நபிஸ்கோ பிஸ்கட் கம்பெனியின் சாயலில் சூட்டியது அது.

கேள்வி: முளைக்கீரையும் கரும்பும் ஒரே ஜாதி என்கிறாரே என் பேத்தி? (ஒரு வாசகி, தேனி)

பதில்: ஒளிச்சேர்க்கை முறையில் சரி அம்மா. இரண்டும் சி4. நரம்பைச் சுற்றி மாலை கட்டியதுபோல் செல்கள் நிற்கும், கார்பன் டை ஆக்சைடை அங்கே குவித்து ரூபிஸ்கோவுக்கு ஊட்டும். சோளம், கம்பு, கேழ்வரகும் அப்படியே. நெல்லுக்கு அந்த மாலை கிடையாது. கட்டிவிட முடியுமா என்று பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 2008-ல் தொடங்கினார்கள், கடையில் விற்கும் விதையாக இன்னும் வரவில்லை. பேத்தி கெட்டிக்காரி. அடுத்த முறை அரைக்கீரையைக் காட்டிக் கேளுங்கள், அதுவும் அதே கூட்டம்தான்.