பிரசவ அறையின் தரம்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: வட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ அறையில் செவிலியராக இருக்கிறேன். பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்துவதற்கான மத்திய அரசுத் திட்டமான லக்ஷ்யாவின் மதிப்பீட்டுக்குத் தயாராகிறோம். படிவங்கள் பெருகுகின்றனவே தவிர, சேவை மேம்பட்டதாகத் தெரியவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: 2017 டிசம்பரில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் பிரசவ அறையும் மகப்பேறு அறுவை அரங்கும் மதிப்பிடப்படுகின்றன. சான்றிதழுக்கு 70 சதவீத மதிப்பெண்ணாவது வேண்டும் என்பதால், எளிதில் மதிப்பெண் தரும் அறிவிப்புப் பலகைகளிலும் கோப்புகளிலும் பலரும் முதலில் இறங்கிவிடுகிறார்கள். அவை வேண்டாதவை அல்ல, ஆனால் காத்திருக்கலாம். தாயின் உயிரோடு நேரடித் தொடர்புள்ள ஒரே ஒரு செயலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் தேர்ந்தெடுப்பது, கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் ஊசி. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, 10 யூனிட்டைத் தசையில் செலுத்துவது பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைத் தடுக்கும் முறை. கேஸ் ஷீட்டைப் புரட்டினால் அனைவருக்கும் உரிய நேரத்தில் போட்டதாகவே இருக்கக்கூடும், ஏனெனில் எல்லாம் முடிந்தபின் நினைவிலிருந்து மொத்தமாக எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஆகவே இரண்டு வாரங்களுக்கு, பிரசவம் பார்க்காத இன்னொருவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பிறந்த நேரத்தையும் ஊசி போட்ட நேரத்தையும் குறிக்கட்டும்; இரவுப் பணியின் கணக்கைத் தனியாக வையுங்கள்.

தாமதம் தெரிந்தால் யாரையும் விளக்கம் கேட்காதீர்கள். கேட்ட மறுநாளே எல்லா நேரங்களும் சரியாகிவிடும், ஏட்டில் மட்டும். மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டியிருப்பதால் குளிர்பெட்டி பக்கத்து அறையில் இருக்கிறதா, இரவில் தனியாக இருக்கும் செவிலியர் குழந்தையைக் கையில் ஏந்தியபடி அங்கே ஓட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால், குழந்தையின் தலை வெளித்தெரியும்போதே மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி, மருந்தின் பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, டிரேயில் தனியிடத்தில் வைப்பதும், அந்நேரத்துக்கு இரண்டாவது ஆளை அழைப்பதும் பணியின் பகுதியாகட்டும். அழைத்தால் வருவதற்கு இரவில் ஆள் இல்லையென்றால், அது உங்களால் தீர்க்கக்கூடியதல்ல. நீங்கள் குறித்த நேரக்கணக்குடன் மருத்துவமனைத் தரக் குழுவில் தலைமை மருத்துவரிடம் வையுங்கள்.

மாற்றத்துக்குப் பிறகு அதே முறையில் மீண்டும் அளந்து, மாதந்தோறும் சில நாட்களாவது தொடருங்கள். பணியிட மாறுதலில் புதியவர்கள் வரும்போதுதான் பழைய தாமதம் திரும்புகிறது. கணக்கு நிலைத்த பிறகு கைகழுவுதல், பிரசவத்தின்போது தாயுடன் ஒரு துணை இருப்பது என அடுத்தவற்றுக்குச் செல்லலாம்.