கிழிந்த வெட்சூட்டும் அவசரப் பசையும்

கேள்வி: ஐயா, காசிமேட்டில் விசைப்படகுகளின் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும் வலையையும் கயிற்றையும் மூழ்கி அறுத்தெடுக்கும் வேலை செய்கிறேன். படகின் அடியில் ஒட்டியிருந்த கொட்டலசில் (கூரான ஓடுள்ள சிறு கடலுயிர்) உரசி, மூழ்கும்போது அணியும் என் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் உடை, அதாவது வெட்சூட், வலது அக்குளுக்குக் கீழே நான்கு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. வீட்டிலிருந்த உடனடிப் பசையை வைத்து ஒட்டினேன். இரண்டாம் முறை இறங்கியபோது ஒட்டிய இடத்தின் ஓரத்திலேயே புதிதாகக் கிழிந்தது. ஒட்டிய இடம் கல்லாகக் கிடக்கிறது. சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் சொல்யூஷன் போடச் சொல்கிறார். செருப்புத் தைப்பவர் தன் பசையே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: செருப்புத் தைப்பவர் உண்மைக்கு அருகில் இருக்கிறார், தம்பி. ஆனால் அவருடைய பசையைக் கையில் எடுப்பதற்கு முன் உங்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. கொட்டலசு போட்ட கிழிசல் ஒரு நாளில் சரியாகக்கூடியது. உடனடிப் பசை போட்ட கல்லை அகற்றுவதுதான் இப்போது பெரிய பாடு.

வெட்சூட் என்பது நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரை நுரையாக்கிச் செய்த தாள். 1930இல் அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனத்தில் உருவான ரப்பர் அது. நுரைக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நுண்ணிய வாயுக் குமிழிகள் அடைபட்டிருக்கும். அதன் இரு பக்கமும் மெல்லிய நைலான் துணி ஒட்டியிருக்கும். இழுவிசையைப் பெரும்பாலும் தாங்குவது அந்தத் துணிதான். நுரையைத் தனியாக நகத்தால் கிள்ளினாலே பிய்ந்துவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தப் பசை ஏன் தோற்கிறது என்பது தானே விளங்கும்.

உடனடிப் பசையின் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். காற்றிலும் பரப்பிலும் உள்ள சிறு ஈரமே அதை இறுக்கப் போதும். இறுகியபின் அது கண்ணாடிபோல விறைத்த பிளாஸ்டிக். வெட்சூட்டில் அக்குள்தான் ஓயாமல் இழுபடும் இடம். கையைத் தூக்கி ஒரு வீச்சு நீந்தினாலே அங்கே துணி நன்றாக நீள வேண்டும். பசை விறைத்த பகுதி நீளாது. அது நீளாததால் வரும் இழுவிசை முழுவதும் விறைப்பு முடிந்து நுரை தொடங்கும் கோட்டில் வந்து விழுகிறது. புதிய கிழிசல் பழையதன் மேல் வராமல் பக்கத்தில் வந்ததற்குக் காரணம் இதுதான். தண்ணீர்போல ஓடும் அந்தப் பசை நைலான் இழைகளுக்குள் ஊறிப் பரவும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு கோடாகத்தான் தடவியிருப்பீர்கள். இப்போது விரலால் அழுத்திப் பாருங்கள். விறைப்பு அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே போயிருக்கும்.

அதைக் கரைக்கலாம் என்று நகப்பூச்சு நீக்கியையோ தின்னரையோ ஊற்றிவிடாதீர்கள். பசையை இளக்கும் அளவுக்கு ஊற்றினால் நுரையையும் அது உப்பவைக்கும். துணியையும் நுரையையும் ஒட்டியிருக்கும் உள்பசையும் விட்டுப்போகும். விறைத்த பகுதியை வெட்டி எறிவதுதான் வழி. புதிய பிளேடால், விறைப்பு முடியும் இடத்துக்குச் சற்று வெளியே, செங்குத்தாக நேர்கோட்டில் வெட்டுங்கள். இடைவெளி ஒரு நூல் அளவுக்குள் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இருந்தால் இரு விளிம்பையும் நேராகச் சேர்த்து ஒட்டலாம். அதற்குமேல் போனால் இழுத்து ஒட்ட வேண்டாம், அக்குள் பிடித்துக்கொண்டு மறுபடி பிய்யும். அதே தடிமனுள்ள பழைய வெட்சூட்டின் கால் பகுதியிலிருந்து ஒரு துண்டு வெட்டி நடுவில் வைக்க வேண்டும். துண்டின் முனைகளை வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலை இருந்தால் அடுத்த கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

இனி பசைக்கு வருவோம். பஞ்சர் சொல்யூஷன் இயற்கை ரப்பரைக் கரைத்துச் செய்தது. சைக்கிள் டியூபுக்கு ஏற்றது. நியோபிரீன் நுரையில் அதன் பிடிப்பு குறைவு. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி இளகும் என்பது அதைவிடப் பெரிய குறை. நீங்கள் இறங்குவது காசிமேட்டுத் துறைமுகத் தண்ணீர். டீசல் படலம் இல்லாத நாள் அங்கே எது? ஆகவே அது வேண்டாம். வெள்ளைத் தச்சுப் பசை தண்ணீரில் வெளுத்து இளகிவிடும். சிலிக்கோனைத் தொடவே தொடாதீர்கள். அது ஒட்டாததோடு, தடவிய இடத்தில் பிறகு வேறு எந்தப் பசையும் பிடிக்காதபடி செய்துவிடும்.

வேண்டியது பாலிகுளோரோபிரீன் அடிப்படையிலான ஒட்டுப்பசை. வெட்சூட் எந்த ரப்பரோ பசையும் அதே குடும்பம். மூழ்குநர் கருவிக் கடைகளில் நியோபிரீன் சிமென்ட் என்ற பெயரில் கிடைக்கும். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பசைகளிலும் பல இந்த வகைதான். டப்பாவின் மேல் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள். அவர் தோலுக்கும் சோலுக்கும் தடவுவதுபோலத் தடிமனாகத் தடவினால் மட்டும் காரியம் கெடும்.

ஒட்டுவதற்கு முன் கழுவுதல். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு ஏறிய நுரை காய்ந்ததுபோலத் தெரியும், காய்ந்திருக்காது. வடசென்னையில் பல தெருக்களில் போர் தண்ணீரே உப்பு. எனவே மெட்ரோ வாட்டரில், பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் சிறிது சேர்த்து, ஊறவைத்து அலசுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் பரவிய எண்ணெயை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வளவு வேண்டாம், கைரேகை அளவு எண்ணெய் போதும், பசை பிடிக்காது. நிழலில் இரண்டு நாள் முழுதாகக் காயட்டும். பிறகு வெட்டிய விளிம்பை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். மொபைல் பழுது பார்ப்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருக்கும் அதே திரவம்தான். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கூடாது.

கிழிசலுக்குக் குறுக்கே சாக்பீஸால் நாலைந்து கோடுகள் போட்டுவையுங்கள். இந்தப் பசை தொட்டவுடன் பற்றிக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய இடம் தராது. கோடுகள் நேராக வந்தால் விளிம்புகளும் நேராக வந்திருக்கின்றன என்று பொருள். அடுத்து, சூட்டை ஒரு பி.வி.சி. குழாயின் மேல் வளைத்துப் போடுங்கள். வெட்டிய வாய் திறந்துகொள்ளும். திறந்த நுரை விளிம்பில் மட்டும், சிறு தூரிகையால், இரு பக்கமும் மெல்லிய ஒரு பூச்சு. குமிழிகள் அதைக் குடித்துவிடும். பத்து நிமிடம் விட்டு இரண்டாவது பூச்சு. மறுபடி அதே நேரம் காத்திருந்து, விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுக்க வேண்டும், விரலில் ஒட்டி வரக்கூடாது. அப்போதுதான் குழாயை உருவிவிட்டு, ஒரு முனையிலிருந்து தொடங்கி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். மேலே அம்மிக்கல் எதையும் ஏற்றிவைக்காதீர்கள், குமிழிகள் நசுங்கும். ஒரு நாள் முழுக்க இழுக்காமல் விடுங்கள்.

ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் வீட்டில் அதிகம் நடக்கும் தவறு. உள்ளே கரைப்பான் சிறைப்பட்டுப் பசை நாள்கணக்கில் கூழாகவே நிற்கும். வெயிலில் வைத்து அவசரப்படுத்தினாலும் இதேதான்: மேலே ஏடு கட்டும், கீழே காயாது. மழைக்காலத்தில் வேறு ஒரு தொல்லை. கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு குளிரும். நம் கடலோரக் காற்றின் ஈரம் அதன் மேல் பனித்துப் படியும். பூச்சு வெளிறிப் பால்நிறமாகத் தெரிந்தால் அதன் மேல் ஒட்டாதீர்கள், நிற்காது. அடைமழை நாளில் இந்த வேலையை எடுக்காமல் இருப்பது நல்லது.

பசையின் வாசனையை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதிலுள்ள டொலுயீன் போன்ற கரைப்பான்களின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும் இருக்கும் வீட்டில் அதைத் திறக்கவே கூடாது. அடுப்பு, சாமி விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் இல்லாமல், குழந்தைகளை விலக்கிவிட்டு, மொட்டை மாடி நிழலில் செய்யுங்கள். உள்துணியில் பசை வழியவிடாதீர்கள். இவ்வகைப் பசைகளில் சேர்க்கும் ஒரு பிசின் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும். அக்குளில் அது படுவது பெரும் அவதி.

பசை நுரையைச் சேர்க்கும், அறுந்த துணியின் வலுவைத் திருப்பித் தராது. முழங்காலில் ஒரு நகக்கீறல் என்றால் பசையோடு விடலாம். அக்குளில் தையலும் வேண்டும். வளைந்த மெல்லிய ஊசியை வெளித்துணியில் நுழைத்து, நுரையின் பாதித் தடிமனோடு திருப்பி வெளியே எடுங்கள். உள்பக்கம் ஊசி தெரியக்கூடாது. முழுக்கத் துளைத்தால் தபால்தலை ஓரம்போல வரிசையாக ஓட்டை விழுந்து அந்தக் கோட்டிலேயே கிழியும், தண்ணீரும் புகும். செருப்புத் தைக்கும் குத்தூசி இதற்கு ஆகாது. பருத்தி நூல் மக்கிப்போகும். கையில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று தங்கூசி நரம்பை (தூண்டிலுக்குப் போடும் நைலான் இழை) எடுக்காதீர்கள். இழுபடும்போது அது நுரையை அறுத்துக்கொண்டு போகும். பாலியெஸ்டர் நூல் போதும். தையல் முடிந்ததும் அதன் மேல் யூரித்தேன் பசையை மெல்லியதாக ஒரு கோடு இழுத்தால் நூல் தேயாது. அது காற்றின் ஈரத்தில் இறுகுவது. நம் ஊர் அதற்குத் தோது.

வெட்டத் தொடங்கும் முன் சூட்டின் தோள்பகுதியை மடித்துப் பாருங்கள். மடிப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் வெயிலில் ரப்பர் செத்துவிட்டது. அதற்குப் பசை வாங்கும் பணத்தைப் புதியதற்கு ஒதுக்குங்கள். நன்றாக இருந்தால், ஒட்டித் தைத்த மறுநாள், சூட்டை உள்வெளியாகத் திருப்பி, ஒட்டிய இடத்தைக் குழியாகப் பிடித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தையல் வழியே கசிந்தால் அந்த இடத்தில் மட்டும் யூரித்தேனை இன்னொரு முறை வைத்து, இறுகியபின் மறுபடி ஊற்றிப் பார்த்துவிட்டு வேலைக்கு இறங்குங்கள்.